சீசா வீட்டு மான் வத்தல்

வேட்டையில் சுட்ட மானின் தொடை முதலில் இரும்பு மணக்கும். வியர்த்த கையில் சாவிக் கோர்வையை நெடுநேரம் பொத்தி வைத்திருந்தால் உள்ளங்கையில் எழுமே, அந்த மணம். ரத்தமும் ஈரமான மயிரும் அதற்குப் பிறகுதான் மூக்குக்கு எட்டும். தொண்ணூறுகளின் இறுதியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா பகுதியிலிருந்த எங்கள் மாடிவீட்டு வாசலில் அந்த மணம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் வந்து இறங்கியது. அம்மா வீட்டுவேலை செய்த இடத்து எசமானி, சிஞ்ஞோராவின் கணவர் மலைக்குப் போய் வேட்டையாடுகிறவர். தங்கள் வீட்டில் வைக்க இடமில்லை என்று ஒரு பின்தொடையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். குண்டு பாய்ந்த இடம் சிதைந்து கறுத்து, எலும்புத் துணுக்குகள் தசைக்குள் முட்களாக நின்றன.

"வேண்டாம் எண்டு எப்படிச் சொல்லுறது? வேலை தாற வீடு," என்றார் அப்பா.

அன்று கந்தசட்டி விரதம் தொடங்கியிருந்தது. விரதம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மச்சம் மாமிசம் வராது. குளிர்சாதனப் பெட்டியில் சாமிக்குப் படைக்கும் பால். அடுப்பும் ரொட்டி சுடும் போறணையும் தேய்த்துக் கழுவி விரதச் சமையலுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்தப் பை நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று அம்மா குறுக்கே நின்றார். இறைச்சியைக் கண்டு மகிழ்ந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி குலம்; போரிலிருந்து தப்பி வன்னியிலிருந்து அந்த வருடம் வந்து சேர்ந்தவர்.

"அக்கா, வள்ளி மான்ரை வயித்திலை பிறந்தவ. அப்ப இது முருகனுக்கு மாமி முறை. கோவிக்க மாட்டார்."

"மாமியை வெட்டிக் காயப்போடுறவனை என்ன செய்வார் எண்டு நினைக்கிறாய்?" என்றார் அம்மா. ஆனால் சிரித்துவிட்டார். குப்பைப் பையைத் வீட்டுக்குள் எதிலும் படாமல் மாமா பல்கனிக்குக் கொண்டுபோக, அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்.

மாமாவிடம் "பெர்மெசோ" இல்லை, அதாவது அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி. தெருவில் ஒரு பொலிஸ்காரர் நிறுத்திக் கேட்டாலே போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் ஷெல் விழும் இடத்துக்குத்தான். அதனால் மாடிப்படியில் சத்தம் போடாதே, யாராவது தள்ளினால் விலகி நில், ஏசினால் சிரி என்று அப்பா அவருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். "உன்ரை கோவத்துக்கும் சேர்த்து பெர்மெசோ வேணும் குலம். முதல் அது வரட்டும்." மாமா தலையாட்டுவார். அவருடைய தாடை மட்டும் எதையோ அரைத்துக்கொண்டிருக்கும்.

பல்கனியில் அவர் அந்தத் தொடையைப் பிரித்த விதத்தைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டுக்குள் கத்தியை விட்டுத் திருகியபோது எலும்பு கழன்ற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. முழங்காலால் தொடையை அமர்த்திப் பிடித்து, சவ்வை விரலால் கிழித்து உரித்து, தசையை நீள நீளமான பட்டிகளாக வெட்டினார். உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசைந்து, உடுப்புக் காயப்போடும் கொடியில் கம்பிக் கொளுக்கிகளால் தொங்கவிட்டார். வன்னியில் இதை "வத்தல்" என்பார்களாம். ஆமிப் படை அடுத்த ஊருக்கு வந்த பிறகும் வத்தல் போட்டார்களாம்; ஆட்கள்தான் மிஞ்சவில்லை, வத்தல் மிஞ்சியது என்றார், கத்தியைத் துடைத்தபடி.

இன்று நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கொடியை நினைக்கும்போதெல்லாம் கை தானாகத் திருத்த ஆரம்பிக்கும். குண்டு சிதைத்த பகுதியைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிய வேண்டும், மாமா அந்தக் கறுப்பை மட்டும் சுரண்டினார். காட்டு இறைச்சியை முதலில் நன்றாக உறையவைக்க வேண்டும்; பாதி உருகிய நிலையில் வெட்டினால் பட்டிகள் மெல்லியதாக, ஒரே தடிப்பாக வரும். கொழுப்பு துளியும் இருக்கக்கூடாது, அதுதான் முதலில் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பச்சை இறைச்சிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி. மசாலாவில் ஊறுவது குளிர்சாதனப் பெட்டிக்குள், வெளியில் அல்ல. முக்கியமானது சூடு: உலர்த்துவதற்கு முன் இறைச்சியின் நடுப்பகுதி எழுபத்தொரு பாகை செல்சியசுக்கு ஏற வேண்டும், அதை வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும், கையால் தொட்டு அல்ல. அதன் பிறகு அறுபது பாகை அளவில் சூடான காற்று ஓடும் உலர்த்தி. பட்டியை வளைத்தால் வெடிப்பு விட வேண்டும், முறியக்கூடாது. உலர்ந்ததைக் காற்றுப் புகாமல் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். மாமாவிடம் இருந்தது வன்னி வெயிலின் மேல் ஒரு நம்பிக்கை. அந்த வெயில் பலெர்மோவில், அதுவும் குளிர்காலம் நெருங்கும்போது, எங்கள் முற்றத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். போறணைக்குள் வைத்திருக்கலாம், விரதம் விடவில்லை.

காயாத பட்டிகளிலிருந்து உப்பும் ரத்தமும் கலந்த நீர் சொட்டியது. எங்கள் கொடிக்கு நேர்கீழே பெப்பேயின் வீட்டுக் கொடி, அதில் அவன் மனைவி விரித்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள்.

பெப்பே மீன்சந்தையில் பெட்டி சுமக்கிறவன். மனைவியை அடிப்பான்; அவன் வீட்டில் கதவு சாத்தப்படும் சத்தமும் அடி விழும் சத்தமும் எங்களுக்குப் பிரித்தறியத் தெரியும். அன்று பிற்பகல் முதலில் கேட்டது அடிதான். விரிப்பில் கறை எப்படி வந்தது என்று அவளைக் கேட்டு அடித்தான், அவள் மேலே கை காட்டியிருக்க வேண்டும். பிறகு படிகளில் அவன் ஏறி வரும் சத்தம். கதவைத் திறந்த அப்பாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சாமி அறையையும் தாண்டிச் செருப்புக் காலோடு பல்கனிக்குப் போனான்.

"துர்கி!" என்று கத்தினான். கறுப்பாக இருக்கும் எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர். கொடியை இரண்டு கைகளாலும் இழுத்து அறுத்தான். விழுந்த இறைச்சியை மிதித்தான். மிதித்த காலைத் தூக்கி, குந்தியிருந்த மாமாவின் நெஞ்சில் உதைத்தான். மாமா எழுந்தபோது கத்தி கையில் இருந்தது. எழுந்த முகம் எனக்குத் தெரிந்த மாமாவின் முகம் அல்ல.

பெப்பே கத்தியைப் பார்த்துப் பின்வாங்கி, முற்றத்துக்கே கேட்கும்படி ஏதோ கூவினான். "என்னடி சொல்லுறான்?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பொலிசைக் கூப்பிடச் சொல்லுறான் அம்மா."

அப்பா அதைக் கேட்டார். எங்கள் அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. எறும்புச் சாரியைத் தாண்டிக் கால் வைப்பவர். அவர் பெப்பேயை விலக்கிக்கொண்டு போய், மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியைக் கீழே விழுத்தினார். பிறகு மாமாவை அறைந்தார். கன்னத்தில், காதோடு சேர்த்து. மறுபடியும் அறைந்தார். மாமா கை ஓங்கவில்லை. "அத்தான், அத்தான்" என்று மட்டும் சொன்னார். சுவரோடு சாய்ந்தவரைத் தூக்கி நிறுத்தி அடித்தார். மாமாவின் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் மஞ்சள் பூசிய பட்டிகளின் மேல் சொட்டியது. ஒவ்வொரு அடிக்கும் அப்பா பெப்பேயின் முகத்தைப் பார்த்தார், காணுமா, இவ்வளவும் போதுமா என்று கேட்பதுபோல.

கடைசியில் பெப்பேதான் "பஸ்தா, போதும்" என்று குறுக்கே வந்தான். அப்பாவின் தோளில் தட்டினான். முற்றத்து ஜன்னல்களைப் பார்த்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குள் சண்டை, எல்லாம் சரி என்று கையசைத்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அவன் போனதும் அம்மா நிலைப்படியைத் தாண்டி பல்கனிக்குள் கால் வைத்தார். மிதிபட்ட இறைச்சியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சமையலறைக்குள் கொண்டுபோய், கழுவி, உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, போறணையின் கதவு இடுக்கில் ஓர் அகப்பையைச் செருகி, ஈரம் வெளியேற வழிவைத்து, கருகாமல் காயவைத்தார். விரதம் அப்படித்தான் முறிந்தது. நானாக இருந்தால் அத்தனையையும் எறியச் சொல்லியிருப்பேன். வெளியில் கிடந்த இறைச்சியில் கிருமி விட்ட நஞ்சைக் கொதிநீர் எல்லாச் சமயமும் அழிக்காது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அந்த வாரமே மாமா வத்தல் பொட்டலத்தோடு நகரின் மத்திய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறினார். அப்பா வழியனுப்ப வரவில்லை. அதன் பிறகு பெப்பே படியில் அப்பாவைக் கண்டால் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்வான். அவன் வேலைக்குப் போகும்வரை அப்பா கதவுக்குள்ளேயே நின்றுவிட்டுத்தான் இறங்குவார்.

அந்தக் கட்டடத்தில் இப்போது முற்றத்துக் கொடிகள் இல்லை, பெப்பேயின் குடும்பமும் இல்லை. மாமாவுக்குப் பிரான்சில் விசா கிடைத்து, குடியுரிமையும் கிடைத்து, போன கோடையில் முதன்முறையாகப் பிள்ளைகளோடு எங்களிடம் வந்தார். அவருக்கு இடக்காது கேட்காது, அந்த நாளிலிருந்து. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் அவருடைய வலப்பக்கம் இருந்து கதைத்தோம். அப்பா மட்டும் கதிரையை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் போய் இருந்தார். மாமா பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து, அந்தக் காதுக்குள், "மன்னிச்சுக்கொள்ளடா குலம்," என்றார்.

மூச்சுப் பட்டதோ என்னவோ, மாமா திரும்பினார். "என்ன அத்தான்?"

"ஒண்டுமில்லை," என்றார் அப்பா. "சாப்பிடு."