இரண்டு நிமிடச் சிறைக்கு வாசல் காப்பவன்

கதவு திறந்துவிடும் வேலைகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் வருகிறவர் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வருவது எங்கள் கதவுக்குத்தான். மெல்பனில் ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் வேலை பார்க்கிறேன். சாதாரண நாட்களில் சறுக்குக் காலணி வாடகைக்குக் கொடுப்பேன். போட்டி வந்துவிட்டால் தண்டனைக் கூண்டுக்குக் காவல். ஆட்டத்தில் தப்பு செய்தவரை நடுவர் இரண்டு நிமிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைப்பார். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். அவரை உள்ளே விட்டு, நேரம் முடிந்ததும் வெளியே விடுவது என் பொறுப்பு.

புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்து பிழைப்பு நடத்தும் வாசகர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். நான்கு நாடுகள் வந்து ஆடிய ஒரு சின்னப் போட்டியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

கை தட்டக் கூடாது

என் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை இயக்குபவர் புவனா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், நோபல் பார்க் என்ற புறநகரில் இருக்கிறார். கண்டிப்பானவர். முதல் ஆட்டத்தில் இந்திய அணி இறங்கியது. எல்லோரும் லடாக்கிலிருந்து வந்த பையன்கள். நான் திருப்பூர்க்காரன், பனிக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் சட்டையில் நாட்டின் பெயரைப் பார்த்ததும் கை தானாகத் தட்டிவிட்டது. கறுப்புக் கோட்டு போட்ட பணியாளர்கள் எந்த அணிக்கும் கை தட்டக் கூடாது என்பது சட்டம். அக்கா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, கை தட்ட விருப்பமெண்டா டிக்கெட் எடுத்துக்கொண்டு அங்கால போய் இரும்."

ஆறடி அப்பாவி

நியூசிலாந்துக்காரர் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம். எதிரியை முழங்கையால் இடித்துவிட்டு வந்தார். வரும்போதே மட்டையால் கதவை ஓர் அறை. நடுவருக்குக் கண் தெரியாது, தான் ஒரு பாவமும் அறியாதவர் என்று கத்திக்கொண்டே இருந்தார். சட்டென்று அடங்கிவிட்டார். எதிர்வரிசையில் சிவப்புத் தொப்பி போட்ட அம்மா இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். பார்க்கிறார், தலையையும் ஆட்டுகிறார் என்றேன்.

"என் அம்மாதான். கொஞ்சம் முன்னாடி வந்து நின்னு மறைச்சுக்குங்களேன், ப்ளீஸ்."

பனியில்லாத ஊர்

இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் ஸ்டான்சின் என் நிரந்தர வாடிக்கையாளர். எல்லா ஆட்டத்திலும் ஒரு முறையாவது வந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் இந்தியர்கள். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. மெல்பனில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொண்டோம். உறைந்த குளத்தில் விளையாடிப் பழகியவராம். உங்கள் ஊர்க் குளம் எந்த மாதம் உறையும் என்று கேட்டார். எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் வந்தாலே செய்தி என்றேன். பாவம், உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டார்.

அதற்குள் அவர் அணி இரண்டு ஆட்டம் தோற்றிருந்தது. தோற்றதுகூடப் பெரிதில்லை, ஒரு கோல்கூட விழவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். பலகையில் தெரிந்த அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிக்கணும்னு இல்ல, அண்ணா. ஒரே ஒரு கோல். அது இல்லாம ஊருக்குப் போனா முகம் காட்ட முடியாது."

வசதியான இருக்கை

கிரெய்கிபர்ன் என்ற இன்னொரு புறநகரிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியும் அங்கிளும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். அன்ரி போர்வையும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாகப் பின்பக்கமாக வந்து என் கூண்டைத் தட்டினார். உள்ளே காலியாகக் கிடக்கும் கதிரைகளுக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். பனிக்கு இவ்வளவு கிட்ட வேறு இருக்கை இல்லை என்பது உண்மைதான். இங்கே உட்கார டிக்கெட் போதாது, யாரையாவது இடித்துத் தள்ளவேண்டும் என்று விளக்கினேன். அன்ரி திரும்பி அங்கிளை ஒரு பார்வை பார்த்தார்.

"அவ்வளவுதானே? நில்லும், இவரை ஒருக்கா இடிச்சுப்போட்டு வாறன்."

கடைசி ஆட்டம்

தாய்லாந்தோடு ஆட்டம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்தியாவின் பக்கம் அதே பூஜ்யம். அந்த நேரம் பார்த்து ஸ்டான்சின் ஒருவரைக் காலில் தட்டிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தார். உட்காராமல் கதவருகிலேயே நின்றார். கடிகாரம் இரண்டு நிமிடத்தை எண்ணி முடித்தது.

"விடும்!" என்றார் அக்கா. அந்தக் கணமே கதவைத் திறந்தேன். ஸ்டான்சினின் அணித் தோழர் ஒருவர் தூரத்திலிருந்து ஓங்கி அடித்த ரப்பர் வட்டு, இந்த ஆட்டத்தில் அதுதான் பந்து, எங்கள் கதவுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. கூண்டிலிருந்து வெளியே வந்தவருக்கு எதிரில் கோல்காப்பாளரைத் தவிர ஆளே இல்லை. ஓடினார், அடித்தார், கோல்! நான் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால் தட்டியிருப்பேன்.

ஆனால் பக்கத்தில் பட பட என்று சத்தம். திரும்பினால் புவனா அக்கா! டிக்கெட் எடுத்தாயிற்றா அக்கா என்று கேட்டேன்.

"நான் எங்க தட்டினனான்? குளிருக்குக் கையைத் தேய்ச்சனான்."

அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. ஆனால் கோல் போட்ட சந்தோஷத்தில் மட்டையை ஆகாயத்தில் வீசியதற்காக நடுவர் மறுபடி இரண்டு நிமிடம் கொடுக்க, என் கதவு வழியாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்த முதல் வாடிக்கையாளர் என்ற பெருமை ஸ்டான்சினுக்கே கிடைத்தது.