அரை கேன்

என்னுடைய கிட்னி ஒன்று கள்ளக்குறிச்சியில் துணிக்கடை நடத்துகிறது. இது நடந்தபோது தம்பிக்குக் கொடுத்து நாலு வருஷம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாதாம். நான் காட்டுவேன். "தண்ணி குடிச்சியா? அது என்னோடதுடா, கெடுத்துடாத" என்று நான் இருக்கும் வடக்கனந்தலிலிருந்து தினமும் போன் போடுவேன்.

ஒருநாள் அவன் கால் வீங்கியது. மூத்திரத்தில் புரதம் போகிறதா பார்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போவதைச் சொட்டு விடாமல் பிடித்து வாருங்கள் என்று சென்னை டாக்டர் ஒரு கேன் கொடுத்தார். அரை கேன்தான் வந்தது. "அவ்ளோதான்க்கா" என்றான். நம்பினேன். அதைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தம்பியோடு சென்னை வரைக்கும் பஸ்ஸில் போனவள் நான்தான்.

டாக்டர் கேனைத் தூக்கிப் பார்த்தார். "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கிறேன்னு சொல்றீங்க. மீதி எங்கே?"

தம்பி தரையைப் பார்த்தான். தொழுகைக்குப் போகிறவன் அதைத் தூக்கிக்கொண்டு எப்படி அலைவது என்று இழுத்தான். வீட்டில் போனது மட்டும்தான் கேனில். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

டாக்டருக்குப் பொறுமை இருந்தது. புரதம் போனால் மூத்திரம் நுரைக்கும்; பழைய வியாதி புதுக் கிட்னிக்கும் வரலாம், உடம்பு அதை ஏற்காமல் போகலாம், பிரஷர் ஏறியிருக்கலாம், சில மாத்திரையாலும் புரதம் போகலாம் என்று விளக்கினார். எதுவென்று பார்க்க முதலில் முழுசாகப் பிடித்து வரச் சொன்னார்.

இந்தத் தடவை நான் கடையிலேயே உட்கார்ந்தேன். அவன் எழுந்தபோதெல்லாம் கேனை நீட்டினேன். புடவை எடுக்க வந்த கரியாலூர்க்காரம்மா, "இன்னாம்மா அது?" என்றாள். "என் கிட்னி ஒழுங்கா வேலை செய்யிதான்னு பாக்குறேன்" என்றேன். தம்பி துணி மடிப்பதுபோல் குனிந்துகொண்டான்.

ரிசல்ட்டில் புரதம் எக்கச்சக்கம். கிட்னியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூப்பிடும்வரை வராந்தாவில் காத்திருந்தோம்.

"ஆறு மாசமா நுரையாத்தான் போய்க்கினு இருந்துச்சுக்கா" என்றான்.

"பாவி, ஏன்டா சொல்லல?"

"தொழுகைன்னு சொன்னது சாக்குக்கா. கம்மியா பிடிச்சா கம்மியா காட்டும்னு நெனச்சேன். நீ குடுத்தத கெடுத்துட்டேன்னு எந்த மூஞ்ச வச்சிக்கினு உன்கிட்ட சொல்றது?"

புரதம் போவதற்குக் காரணம் எதுவோ, அதை ஊசி சொல்லிவிடும். ஆறு மாசம் அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நான்தான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வாடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.