மஞ்சள் வைத்த டாலர்

மகளின் பள்ளியில் தாய்லாந்துக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். கைச்செலவுக்கு டாலர் நோட்டாகக் கொடுத்தனுப்பினால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அரூரில் எனக்குக் கணக்கு இருக்கிற வங்கியில் கேட்டேன். "சேலந்தான் போவணுங்க" என்றார்கள், தலையை நிமிர்த்தாமலே.

சேலத்தில் முதல் நாள், மகளின் பாஸ்போர்ட் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள், பள்ளிக் கடிதத்தில் முத்திரை இல்லை. மூன்றாம் நாள் பேருந்தில் நின்றுகொண்டே போய் ஐந்து நோட்டுகள் வாங்கினேன். சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தவன், நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். புதுத்துணியோ பத்திரமோ, மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் எதையும் எடுத்ததில்லை. ஐந்து நோட்டுகளுக்கும் நான்கு மூலையிலும் வைத்தேன்.

மகள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அப்பா, கறை பட்ட டாலர அங்க வாங்க மாட்டாங்களாம். மிஸ் அன்னிக்கே சொன்னாங்க."

நான்காம் முறையாகச் சேலம். கவுன்டரில் இருந்த பெண் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சளுங்களா?"

"ஆமாங்க."

"எங்க வூட்லயும் வைப்போங்க."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா இத நாங்களும் எடுக்க மாட்டோங்க" என்று நோட்டுகளை என் பக்கமே தள்ளினார்.

கையிலிருந்த மிச்சப் பணத்துக்கு வேறு நோட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலிலேயே மகள் வழிமறித்துக் கையை நீட்டினாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். மொதல்ல எங்கிட்ட குடுப்பா."