இரண்டிலும் செவ்வரளி

ஒரு கடைக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில், அம்மன் கோயில் வாசலிலேயே நான் ஏமாற்று வேலை செய்தேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணை ஏமாற்றினேன். என்னை நம்பிய அவள் ஊரையும் ஏமாற்றினேன். அதனால் நஷ்டப்பட்டது நானில்லை, அவள்.

என் சொந்த ஊர் ஒடுகத்தூர். கிறிஸ்தவக் குடும்பம். தமிழாசிரியராக மலைக்கு ஏறி வந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கிப் போகவில்லை. ஜமுனாமரத்தூரில் யார் கடை திறந்தாலும் பெயர் கேட்டு என் வீட்டுக்கு வருவார்கள். தையல் கடை, சாப்பாட்டுக் கடை, செல்போன் கடை என்று கடைத்தெருவில் பாதிப் பலகைகள் என் வாயிலிருந்து வந்தவை. ஒரு பெயர் நல்ல பெயரா என்று பார்க்க எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிய வேண்டும். வாயில் தடுக்காமல் வர வேண்டும். கேட்டவர் வீட்டுக்குப் போய் மறக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு சரியானது என்று இப்போதும் சொல்வேன். இன்றைக்கும் அந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அவள் வந்தாள். பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்க வைத்தவள். அவளும் நாத்தனாரும் சேர்ந்து கடைத்தெருவில் சாமை உடைக்கிற மிஷின் ஒன்று போட்டு, அரிசியாக்கி, பாக்கெட் கட்டி விற்கப் போவதாகச் சொன்னாள்.

"பேரு முடிவாயிடுச்சி சார். பேய்க்கொல்லை. பலகைல எப்டி எழுதறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னாம்மா இது? சாப்பிடற சாமானுக்குப் பேய் பேரா?"

"பேயி எங்க சார் இருக்குது? நான் போய் உண்ணிச்செடி வெட்டன அன்னிக்கே என்னப் பாத்துட்டு ஓடிப்போச்சி."

பேய்க்கொல்லை என்பது அவளுடைய நிலம். மலையில் ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு பெயர் உண்டு. ஓடைக்கு மேலே இருந்த அந்தச் சரிவில் பேய் இருக்கிறது என்று பயந்து, பல காலமாக யாரும் ஏர் பூட்டவில்லை. கல்யாணமாகி வந்தவளுக்குப் பங்கு பிரிக்கும்போது அதைத் தள்ளிவிட்டார்கள். அவளும் புருஷனும் புதராக மண்டிக் கிடந்த உண்ணிமுள்ளை வெட்டி, கல் பொறுக்கி, சாமை விதைத்தார்கள். அந்த ஊரிலேயே நல்ல விளைச்சல் அதில்தான். கடைக்கு அந்தப் பெயர்தான் வேண்டும் என்று அவள் நின்றதற்கு அதுதான் காரணம்.

நான் 'குறிஞ்சி அமுதகம்' என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள். "நல்லாதான் கீது சார். ஆனா அது எங்க கொல்லை இல்லியே."

நாத்தனாருக்கு என் பெயர் பிடித்தது. இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. கடைசியில், அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். வெள்ளை அரளி வந்தால் அவள் சொன்ன பெயர், செவ்வரளி வந்தால் என் பெயர். இரண்டு பூவையும் தனித்தனியாக மந்தாரை இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடையில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுகிறவர் எந்த வகையறாவிலும் சேராத வெளியாளாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அப்போதுதான் பட்சபாதம் இருக்காதாம்.

அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "சார் வேத்து சாமி கும்புடறவரு. அவருக்கு இன்னாத்துக்கு ஓரவஞ்சனை?" என்றார் கவுண்டர்.

கோயிலுக்குப் பின்பக்கம் போய், அங்கே நின்ற செடியில் இன்னொரு சிவப்புப் பூ பறித்து, இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். வெள்ளைப் பூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவளுடைய நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தத் தெருவில் நான் வைக்காத பெயர், அதுவும் நான் வேண்டாம் என்று சொன்ன பெயர், பலகையில் ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. அது என் சாமியில்லை என்ற அலட்சியமும் இருந்தது. குழந்தை எடுத்த பொட்டலத்தில் சிவப்பைப் பார்த்துக் குலவை போட்டார்கள். அவளும் போட்டாள்.

கடை நன்றாகவே ஓடியது. ஆனால் வந்தவர்கள் யாரும் பெயரைச் சொல்லவில்லை, 'சாமைக்கடை' என்றார்கள். என் கணக்கில் என் பெயரே தேறவில்லை என்பதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ஓடைப் பக்கம் நடந்தபோது பேய்க்கொல்லையைப் பார்த்தேன். இடுப்பளவு உண்ணிச்செடி. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன். பாக்கெட்டுக்குச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

"அதுல வெதைக்கறது இல்ல சார். அந்தப் பேரே வேணான்னு அம்மன் சொல்லிடுச்சி. அப்ப அந்த எடமும் அதுக்குப் புடிக்கலன்னுதான அர்த்தம்? மாமியாரு அன்னிக்கே சொல்லிச்சி. இப்ப வெலைக்கு வாங்கிதான் அரைக்கறேன்."

ஒரு கடைப்பெயரைத்தான் தட்டிப் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் கையால் திருத்திய நிலத்தையே பறித்திருக்கிறேன். அங்கேயே சொல்லிவிட்டேன்.

மிஷினை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "உங்க சாமி முன்னாடி இப்டி பண்ணுவீங்களா சார்?"

வேறு பலகை என் செலவில் எழுதித் தருகிறேன் என்றேன்.

"பலகை கெடக்கட்டும். அம்மனே வேணான்னுச்சின்னு ஊரே சொல்லுது. எல்லாரு முன்னாடியும் பொட்டலம் குடுத்தீங்க, எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. செய்ததைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஜீப் ஓட்டுகிறவன், சத்தமாகச் சொன்னான்: "பிட்டு அடிச்சன்னு என்னய வெயில்ல முட்டி போட வெச்சீங்களே சார். நீங்க அம்மன்கிட்டயே பிட்டு அடிச்சிட்டீங்களே!"

சிரிப்பு அடங்க நேரமானது. கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே சார் கையில பூ குடுக்க வேணாம்," என்றார். அது இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. போன தையில் ஒரு டீக்கடைக்குப் பூ கேட்டபோது, பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்கள்.

மறுபடி பூ கேட்கலாமா என்று நாத்தனார் கேட்டாள். "வேணாம். அம்மன எத்தினி தபா தொந்தரவு பண்றது? கொல்லை என்னுது, பேரு நான் வெச்சிக்கறேன்," என்று அவள் எழுந்துவிட்டாள்.

கொல்லையைத் திருத்த நானும் போனேன். என்னால் முடிந்தது வெட்டிய முள்ளை இழுத்துப் போடுவதுதான். "சார், பேயி பயப்படுதோ இல்லியோ, செடி உங்களப் பாத்து பயப்படவே இல்ல," என்று அவள் புருஷன் கிண்டல் செய்தான். அவள் அந்த நாட்களில் என்னோடு அதிகம் பேசவில்லை. கூழ் ஊற்றும்போது எனக்கும் ஒரு சொம்பு வைப்பாள், அவ்வளவுதான். முதல் வருடம் காட்டுப்பன்றி தின்றது போக விதைக்கு மட்டுமே மிஞ்சியது. அடுத்த வருடம் மாமியாரே அறுப்புக்கு வந்தாள். அந்தக் கதிர்களைக் களத்தில் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை, பள்ளியில் யார் முதல் மதிப்பெண் வாங்கியபோதும் வந்ததில்லை. புதுப் பலகையில் 'பேய்க்கொல்லை சாமை' என்று பெரிதாக எழுதினார்கள். எழுத்தைச் சரிபார்க்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

சென்ற மாதம் செங்கத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு மளிகைக் கடையில் அவள் பாக்கெட் அடுக்கியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா வேறு சாமையை ஒதுக்கித் தள்ளினாள்.

"இது வேணாம்பா. அந்தப் பேய் சாமை குடு. அதான் கொழையாம வருது."

கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா பெரியவரே, இந்தப் பேரக் கேட்டா பசங்ககூட சிரிச்சிக்கினே வாங்கிட்டுப் போவுதுங்க. எவனோ படிச்சவன்தான் யோசிச்சி வெச்சிருக்கணும்."

"இல்லைங்க," என்றேன். "மலையில ஒரு பொண்ணு வெச்ச பேரு. அது அவ கொல்லை. எனக்கும் ஒரு கிலோ குடுங்க."