வெறும் பாத்திக்கு ஒரு கை எரு

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஏன் என்று கேட்பவர்களிடம், "இந்த வயசுல யாருக்குக் காட்டணும்?" என்று சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மைக் காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாடு சுதந்திரமடைந்து பத்து வருஷம்கூட நிறையாத சமயம் அது. மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து, அப்பா, தாத்தா எல்லோருமே குமாஸ்தா வேலை பார்த்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது துளசி மாடத்தில் மட்டும்தான். நான் ரசாயனத்தில் பட்டம் வாங்கியதும் அப்பா ஒரு பாங்கில் சொல்லிவைத்துவிட்டு, என்றைக்குப் போய்ச் சேரப்போகிறேன் என்று தினம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ மேலே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பித்துப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அப்போது உதவித்தொகையோடு இருந்தது ஒரே ஒரு இடம். அது எப்படியோ எனக்குக் கிடைத்தது. இரண்டு வருஷம். அதற்குள் உருப்படியாக ஏதாவது காட்டினால் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். காட்டாவிட்டால் பாங்குதான்.

நஞ்சன்கூடு சாலையில், ஊர் முடிகிற இடத்தில், எங்கள் துறையின் சோதனை நிலம் இருந்தது. அதைப் பதினாறு பாத்திகளாகப் பிரித்துக் கேழ்வரகு விதைத்தோம். பன்னிரண்டு பாத்திகளுக்கு மட்கிய தொழு உரம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவில். மீதி நான்குக்கு ஒன்றும் கிடையாது. எரு போட்டதால் என்ன கூடியது என்று தெரிய வேண்டுமென்றால் எதுவுமே போடாத பாத்தி வேண்டுமல்லவா? காகிதத்தில் அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். நாங்கள் வெறும் பாத்தி என்போம்.

எரு சுமந்து போடும் வேலைக்கு ஒரு பெண் இருந்தாள். கொள்ளேகாலத்துக்கு அப்பால், கோபிநத்தம் பக்கத்துக் காட்டோர ஊர்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் புருஷன் மரத்திலிருந்து விழுந்து கால் போனவன். நிலத்தின் மூலையில் வேலையாளுக்கென்று இருந்த குடிசையில் அவர்கள் இருந்தார்கள். அவள் தமிழும் என் தமிழும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஆனாலும் கன்னடம் பேசி அலுத்துப்போன அவளுக்கு நான் வந்தது பெரிய சந்தோஷம்.

முதல் நாளே கேட்டாள்: "ஏனுங்க சாமி, இந்த நாலு பாத்தி மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"அது அப்படித்தான் இருக்கணும். நீ சொன்னதைச் செய்" என்றேன். இரண்டு நிமிஷம் நின்று விளக்கியிருக்கலாம். இவளுக்குச் சொன்னால் புரியவா போகிறது என்ற திமிர் எனக்கு. படித்தவனின் திமிர், அதிலும் அரைகுறையாகப் படித்தவனுடையது.

எரு போடும்போதெல்லாம் நான் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. 'என் முன்னிலையில் இடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கொட்டகை நிழலில் புத்தகம் படித்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவேன். வெயில் எனக்கு ஆகாது. மண் ஆராய்ச்சிக்காரனுக்கு வெயில் ஆகாது என்பதை நினைத்தால் இன்று எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் வருஷ அறுவடையில் வெறும் பாத்திக்கும் எருப் பாத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழையைக் குற்றம் சொன்னேன். இரண்டாம் வருஷமும் அதேதான். அந்தச் செம்மண்ணில் எரு போடுவதே வீண் என்று நான் முடிவு எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் ஒரு நாள், வெறும் பாத்தியிலிருந்து பையில் எடுத்துவந்த மண்ணை ஆய்வுக்கூடத்தில் சலித்துக்கொண்டிருந்தபோது, சல்லடையில் ஏதோ தங்கியது. எருவில் இருக்கும் பாதி மட்கிய வைக்கோல் துணுக்குகள். பைகள் மாறியிருக்கும் என்று நினைத்து அடுத்த பையைச் சலித்தேன். அதிலும் இருந்தது. நான்கிலும் இருந்தது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆமாங்க சாமி, போட்டேனுங்க. கூடைக்கு ஒரு கை எடுத்து வெச்சு அதுகளுக்கும் போட்டேன். மத்த பாத்திக ஒண்ணும் கொறைப்படலீங்க."

"யார் போடச் சொன்னா உன்னை?"

"பந்தியில எல்லாத்துக்கும் சோத்தப் போட்டுப்போட்டு, ஒருத்தன மட்டும் வெறும் எலையோட உக்கார வெக்க முடியுமுங்களா? அதையும் நானேதானுங்க வெதச்சேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. அவள் கூடையைக் கையில் பிடித்தபடி, நான் ஏன் கத்துகிறேன் என்று புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

துறைத் தலைவர் நல்ல மனிதர்தான். இரண்டு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போனது என்று கேட்டதும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். பிறகு, "இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் காரணம் எழுதித் தர வேண்டும். உன் தப்பா, ஆள் தப்பா?" என்று கன்னடத்தில் கேட்டார். என் தப்பு என்றால் உதவித்தொகை அன்றோடு நின்றுவிடும். நோட்டுப் புத்தகம் அவர் மேஜைமேல் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தோடு.

'வேலையாளின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஒரு வருஷம் நீட்டிப்புக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. அவளுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைப்பு வந்தது. தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் குமாஸ்தா நிலத்துக்கு வந்து, "நாளெயிந்த பரபேடா" என்று அவளிடம் சொன்னார். நாளையிலிருந்து வராதே. வேலை போனால் குடிசையும் போகும். காரணம் கேட்டிருக்கிறாள். அவர் என் காகிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. சண்டையும் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்தவள்போல் கேட்டாள்: "நா எங்கீங்க சாமி கவனமில்லாம இருந்தேன்?"

அந்த நிலத்தில் கவனமாக இருந்தது அவள் ஒருத்திதான். அதை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மண் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் புருஷன் அவள் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடக்க, தலையில் ஒரு மூட்டையோடு சாலையில் போவதைக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். சைக்கிள் பக்கத்திலேயேதான் இருந்தது.

மூன்றாம் வருஷம் புது ஆள் வந்தான். நான் வெயிலில் நின்றேன், ஒவ்வொரு கூடைக்கும். வெறும் பாத்திகள் வெறுமையாகவே இருந்தன. பன்னிரண்டு பாத்திகளில் கேழ்வரகு இடுப்பு உயரம் வளர, அந்த நான்கில் மஞ்சளாக, முழங்காலுக்குக்கூட எட்டாமல் நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். புகைப்படம் எடுத்தார்கள். ஒரு நாள், ஆள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, நான் கூடையிலிருந்து ஒரு கை எருவை அள்ளினேன். அள்ளியதைக் கூடையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். கை கழுவியும் அன்று முழுக்க அந்த வாசனை போகவில்லை.

அதை வைத்துப் பட்டத்துக்குப் பதிவு செய்து எழுதிய ஆய்வேட்டை பைண்டு செய்யக் கொடுத்திருந்தது மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் ஒரு கடையில். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தானிய மண்டிகளின் வாசலில் வண்டி மூட்டைகளிலிருந்து சிந்திய தானியத்தைக் கூட்டி, மண்ணோடு புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். அவள்தான். மிகவும் இளைத்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை.

"சாமி, நல்லாருக்கீங்களா?"

தலையாட்டினேன். வேலையைப் பற்றி, குடிசையைப் பற்றி, என் காகிதத்தைப் பற்றி ஏதாவது கேட்கப்போகிறாள் என்று நின்றேன். கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட இருந்தது.

"அந்த நாலு பாத்தியும் எப்புடிங்க இருக்குது?" என்றாள்.

அந்த நாலு பாத்தியின் புகைப்படம் என் கையிலிருந்த ஆய்வேட்டின் நடுவில் இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நன்னா இருக்கு" என்றேன்.

"ஆராச்சும் ஒரு கை போடறாங்களாக்கும்?"

"போடறா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தானுங்க நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.