வெளியே வராத மீன்

துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், பெட்டியைப் பிரித்ததும் முதலில் எடுத்தது சென்ட் பாட்டில் இல்லை, ஒரு டேப்லெட்.

"கண்ணாடியே வேண்டாம். வெறுங்கண்ணால பாத்தாலே படம் வெளிய வந்து நிக்கும்" என்றார். திரையில் ஒரு சிவப்பு மீன். டேப்லெட்டிலுள்ள கேமரா நம் முகத்தைத் தேடிப் பிடித்து, வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம் என்று பிரித்து அனுப்புமாம். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பார்க்கலாம். மேலப்பாளையம் வீட்டுக் கூடத்தில் முறை வைத்து உட்கார்ந்தோம்.

முதலில் மாமியார். "யா அல்லாஹ், மூக்குல முட்ட வருதுல்லா!" என்று திரைக்கு ஒரு சாண் முன்னாலேயே கையை வீசி விரட்டினார். மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்து நான். காலண்டரில் அச்சடித்த மீன் மாதிரி அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், என்னத்தைச் சொல்ல? "மாஷா அல்லாஹ், கைல வருது மச்சான்" என்று புளுகிவிட்டு, பிடிக்கிற மாதிரி விரலையும் நீட்டினேன். டொக்கென்று திரையில் இடித்தது.

"இவ டீ ஊத்தினாலே டம்ளருக்கு வெளியதான் விழும்" என்று மாமியார் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பேச்சு. ஊசியில் நூல் கோர்க்கக்கூட நான் பக்கத்து வீட்டைத்தான் கூப்பிடுவேன்.

பிறகு மகள் உட்கார்ந்தாள். ஆறு வயசு. "கைல வருது வாப்பா" என்றாள். என் வார்த்தை அப்படியே! விரலை நீட்டினாள். டொக்.

பிள்ளைக்கும் தெரியவில்லை, என்னைப் பார்த்துச் சொல்கிறாள். வாயைத் திறந்தால் என் பொய் வெளிவரும், ஆசையாய் வாங்கிவந்தவர் முகம் வாடும். போகட்டும் என்று அஸர் தொழுகை முடிந்ததும் சொல்லிவிட்டேன்.

"மச்சான், எனக்கு மீன் வெளிய வரவே இல்ல. பிள்ளைக்கும் வரல."

"அப்பமே சொல்லதுக்கென்னட்டி?" என்று கத்தினார். கத்திக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினார்.

பாளையங்கோட்டைக் கண் டாக்டர் மகளின் வலக்கண்ணைப் பொத்தினார். இடக்கண்ணுக்குப் பெரிய எழுத்தே தெரியவில்லை. "அந்தக் கண்ணு வேலை செய்யாமலே இருந்திருக்கு. ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாத்தான் தூரம் பக்கம் தெரியும். சின்ன வயசுல வந்துட்டீங்க, நல்ல கண்ணை மூடி இதைப் பழக்கிப் பாக்கலாம்" என்றார். என்னையும் பார்த்தார். எனக்கும் அதே கோளாறுதான். வயசு தாண்டிவிட்டது என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அத்தனை வருஷத் திட்டும் இந்தக் கண்ணுக்குச் சேர வேண்டியது, நான் வாங்கியிருக்கிறேன்!

கண்ணாடி போடாமல் பார்க்கிற படத்தால் என் மகள் கண்ணாடி போட்டாள். வலக்கண்ணில் தினமும் ஒட்டு. பிய்த்துப் பிய்த்து எறிவாள். "நீயும் ஒட்டு" என்று அடம்பிடித்ததால் நானும் ஒன்று ஒட்டிக்கொண்டு மீன் குழம்பு வைத்தேன். மச்சான் திரும்பிப் போய்விட்டார். மாசக்கணக்காக, சாயங்காலமானால் போனில் வந்து, "மீன் என்ன செய்யுது?" என்பார்.

போன வாரமும் அப்படித்தான் கேட்டார். மகள் ஒட்டைப் பிய்த்துவிட்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்து கையைப் பைய நீட்டினாள். டொக் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரைக்கு ஒரு சாண் முன்னால், அந்தரத்தில், விரல்கள் மூடின.

"உம்மா, இங்கன இருக்கு!"

நான் பார்த்த இடத்தில் அவள் கை மட்டும்தான் இருந்தது.

"மச்சான், புடிச்சிட்டா!" என்று போனில் அலறினேன்.

"நெசமாவா? இல்ல, அன்னைக்கு மாதிரியா?"

"நெசமா மச்சான்" என்றேன். அழுகையில் அதுகூடச் சரியாக வரவில்லை.