கொடியும் பூசையும் ஒரே காலையில்

அறுபதுகளின் கடைசியில் வலையபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பள்ளிக்கூடம் இருந்த ஊரில் வேதக்காரி, கிறிஸ்தவள் என்று நான் ஒருத்திதான். ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டவுனிலிருந்த மாதா கோயிலுக்கு பஸ் பிடிப்பேன்.

ஆகஸ்ட் பதினைந்து நாட்டுக்குச் சுதந்திர தினம், எங்களுக்கு மாதா திருநாள். முதல் வருஷம் பூசை நீண்டுவிட்டது. நான் பள்ளிக்குள் நுழைந்தபோது கொடி ஏற்றி முடித்துப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார். "டீச்சர், வெள்ளைக்காரன் போயி இத்தன வருசமாச்சு. நீக இன்னும் அவன் சாமிகிட்டேயே இருக்கீக."

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே கதர் கட்டியவர் என் அப்பா. அதற்காகவே எங்கள் சொந்த ஊர்க் கோயிலில் பலர் அவரோடு பேசமாட்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. வகுப்பறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் டவுன் கோயில் பங்குச் சாமியாரிடம் போய், திருநாள் பூசையைக் கொஞ்சம் முன்னால் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"சுத்துப்பட்டிலருந்து நடந்து வர்ற சனம்மா. ஒனக்காக எப்புடி மாத்துறது?" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த வருஷம் பூசையை விட்டுவிட்டு முதல் ஆளாகக் கொடிக்கம்பத்தடியில் நின்றேன். வந்ததை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மத்தியானம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபமாலை சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன். சொல்லக்கூட ஆளில்லை.

மூன்றாவது வருஷம் முதல்நாளே ஆசிரியர் அறையில் எழுந்து நின்று சொன்னேன். "நாளைக்குப் பூசை முடிஞ்சுதான் வருவேன் சார். ரெண்டும் எனக்கு வேணும்."

தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "சரி, வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பள்ளி ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. ஓடினாலும் எட்டாது. பூசைப் புத்தகத்தோடு, தலையில் போட்ட முக்காட்டோடு, ரோட்டோரத்தில் அப்படியே நிமிர்ந்து நின்றேன். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போனது. புழுதியில் நான் மட்டும் நின்றேன்.

பாட்டு முடிந்ததும் நடந்தேன். அன்று யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எந்த வருஷமும் கேட்கவில்லை. ஆனால் மாற்றலாகிப் போகும்வரை, அந்த ஊரில் யாரும் என்னோடு பூசைக்கு வந்ததுமில்லை, டவுன் கோயிலில் யாரும் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்ததுமில்லை.